காதில் விழுந்ததெல்லாம் களவல்ல

பழைய பாட்டின் சாயல் புதிய பாட்டில் தெரிந்த மாத்திரத்தில் ‘சுட்டுட்டான்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரு நிமிட வீடியோ போட்டால் போதும், இசையமைப்பாளர் திருடனாகிவிடுகிறார். சாயலைப் பிடிக்கிற காது நல்ல காதுதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிடித்ததோடு விசாரணையும் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை தவறு. அது கொடுமையும்கூட. ராக் இசையில் ஒரு நல்ல கலைஞனின் கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது இந்த நம்பிக்கைதான்.

அவர் கிரெக் ஹாம். ‘மென் அட் வொர்க்’ என்ற ஆஸ்திரேலியக் குழுவில் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வாசித்தவர். அந்தக் குழுவின் ‘டவுன் அண்டர்’ 1981இல் வெளியாகி, 1983 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பாட்டை எழுதியவர்கள் காலின் ஹேயும் ரான் ஸ்ட்ரைக்கர்ட்டும். பின்னால் குழுவில் சேர்ந்த ஹாம் அதில் ஒரு குழல் துணுக்கைச் சேர்த்தார். அந்தத் துணுக்குக்குள் ‘குக்கபரா’ என்ற குழந்தைப் பாட்டின் சில ஸ்வரங்கள் இருந்தன. மேரியன் சின்க்ளேர் என்ற ஆசிரியை எழுதி, 1934இல் சாரணியர் போட்டிக்கு அனுப்பிய பாட்டு அது. ஒருவர் ஒரு வரியை முடிக்கும்போது அடுத்தவர் தொடங்க, சுற்றிச் சுற்றிப் பாடுவார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்தும் கால் நூற்றாண்டாக இந்த ஒற்றுமையைப் பற்றி ஒரு சர்ச்சையும் எழவில்லை. காரணம் இசையிலேயே இருக்கிறது. குக்கபராவில் அந்த மெட்டு மேஜர் கார்டுகளின் மேல் துள்ளுகிறது. டவுன் அண்டரில் அடியில் ஓடுவது மைனர், அதற்கும் கீழே ரெக்கே தாளம். ஸ்வரம் அதுவேதான், நிறம் முற்றிலும் வேறு. சின்க்ளேர் 1988இல் காலமானார். அவர் எந்த வழக்கும் தொடுக்கவில்லை. 2007இல் ஒரு தொலைக்காட்சி வினாடிவினாவில், இந்தக் குழல் துணுக்கில் இருக்கும் குழந்தைப் பாட்டு எது என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் லாரிக்கின் என்ற பதிப்பு நிறுவனம் நீதிமன்றப் படி ஏறியது. குக்கபராவின் உரிமையை அந்த நிறுவனம் 1990இல் 6,100 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி வைத்திருந்தது.

குக்கபரா நான்கே ஆவர்த்தனம் கொண்ட பாட்டு. அதில் இரண்டு, குழலில் ஒலிக்கிறது. ஆகவே உரிமை மீறல் என்று 2010இல் தீர்ப்பானது. நிறுவனம் கேட்டது 40 முதல் 60 சதவீதம். நீதிமன்றம் கொடுத்தது, 2002 முதல் வந்த ராயல்டியில் 5 சதவீதம். ‘டவுன் அண்டர்’ வீடியோவில் ஹாம் ஒரு மரத்தில் உட்கார்ந்து குழல் வாசிப்பார். குழந்தைப் பாட்டில் வரும் குக்கபரா பறவையும் மரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இந்தக் காட்சியும் அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எனக்கு இது விளங்கவேயில்லை. ஆஸ்திரேலியாவைப் பற்றிய ஒரு பாட்டு, ஆஸ்திரேலியக் குழந்தைகள் எல்லோரும் பாடிய மெட்டுக்குத் தலை வணங்கிவிட்டுப் போகிறது. அதை மரத்தில் ஏறி உலகத்துக்கே காட்டியும் விடுகிறது. மறைக்க நினைப்பவன் செய்கிற காரியமா அது? காப்பியடித்தவன் என்றே தன்னை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்களே என்று ஹாம் பத்திரிகையிடம் வருந்தினார். 2012 ஏப்ரலில் மெல்போர்னில் தன் வீட்டில் இறந்து கிடந்தார்.

மெட்டு வானத்திலிருந்து விழுவதில்லை. லெட் செப்பலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ எப்படித் தொடங்குகிறது என்று கிடார் கற்ற எவரையும் கேளுங்கள். நாலாவது தந்தியில் ஏழாவது ஃப்ரெட்டில் தொடங்கி, விரல் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி மூன்றாவதுக்கு வரும். ‘ஸ்பிரிட்’ குழுவின் 1968ஆம் ஆண்டு ‘டாரஸ்’ இசையிலும் இதுபோன்ற இறக்கம் உண்டு. அதை வைத்துத் தொடுத்த வழக்கு 2014இல் தொடங்கி 2020 வரை இழுத்தது, கடைசியில் லெட் செப்பலின் வென்றது. ஆனால் அரையரை ஸ்வரமாக இறங்கும் இந்தச் சோகப் படிக்கட்டை ஹென்றி பர்செல் என்ற இசையமைப்பாளர் 1680களிலேயே தன் ஓபராவில் டைடோ அரசியின் மரணப் பாட்டுக்கு அடித்தளமாக வைத்துவிட்டார். அது ஒருவருடைய சொத்தாக இருந்ததேயில்லை. நம் முத்துசுவாமி தீட்சிதரும் பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சாகித்தியம் செய்தார். வெள்ளைக்காரர்களின் மெட்டில் அமைந்த அந்த நோட்டுஸ்வரங்களை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தீட்சிதரைத் திருடர் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அப்படியானால் யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அதே லெட் செப்பலின், 1969இல் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடியபோது அதன் சொற்களில் பெரும்பகுதி வில்லி டிக்சனுடையது. சிகாகோ ப்ளூஸின் மூலவர்களில் ஒருவரான அவர், மடி வாட்டர்ஸ் என்ற பாடகருக்காக எழுதி, 1962இல் பதிவான பாட்டிலிருந்து வந்த சொற்கள் அவை. இசைத்தட்டில் டிக்சனின் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்து, இரண்டு ஆண்டு கழித்துச் சமரசமான பிறகுதான் பெயர் ஏறியது. அப்போது உயிரோடிருந்த ஒரு கறுப்பினக் கலைஞரின் உழைப்பை எடுத்து, பெயரை விழுங்கி, அதில் பணமும் பார்த்தார்கள். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஹாம் செய்ததையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்கிறோமே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

சாயலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள், இன்னொரு அநியாயத்துக்கும் துணை போகிறார்கள். ஆதாயம், உரிமைப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் போகிறது. எல்விஸின் ‘லவ் மீ டெண்டர்’ 1861ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஆரா லீ’யின் மெட்டேதான். உரிமைக் காலம் முடிந்துபோனதால் கேட்பார் இல்லை. மெட்டுப் போட்ட ஜார்ஜ் பூல்டனின் பெயரும் பாடலாசிரியர் வரிசையில் வரவில்லை. ‘தி வெர்வ்’ குழுவின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’ கதை இதைவிடக் கசப்பானது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘தி லாஸ்ட் டைம்’ பாட்டுக்கு வேறொருவர் செய்த வாத்தியக்குழு வடிவத்திலிருந்து சில நொடிகளை எடுத்தார்கள் என்பதற்காக, 1997இல் ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’யின் மொத்த உரிமையும் அதை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டிடமிருந்து பறிபோனது. ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பித் தர 2019 வரை ஆயிற்று. ஆனால் ‘தி லாஸ்ட் டைம்’ எங்கிருந்து வந்தது? ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் 1950களில் பதிவு செய்த தேவாலயப் பாட்டிலிருந்து. கைமாறிய இந்த உரிமையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. சாயல் பிடிப்பவர்கள் அந்தப் பதிவைத் தேடிக் கேட்கட்டும். தந்தை பாப்ஸ் ஸ்டேபிள்ஸின் நடுங்கும் கிடார் ஒலிக்கிறது, அவருடைய பிள்ளைகள் பாடுகிறார்கள்.