ஜாடிக்கும் ஒரு சோதனை

கலப்படத்தைத் தடுக்க மதராஸ் மாகாணம் 1918-லேயே சட்டம் போட்டுவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பால் மாதிரி எடுப்பது ஒரு சடங்கு போலவே நடக்கும். உணவு ஆய்வாளர் பாலை மூன்று பாட்டில்களில் பிரிப்பார். கெடாமல் இருக்க 25 மில்லிக்கு இரண்டு சொட்டு பார்மலின் விடுவார். கெட்டித் தாளில் சுற்றி, சீட்டு ஒட்டி, கயிறு கட்டி, நான்கு இடங்களில் அரக்கு முத்திரை வைப்பார். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். ஏதாவது ஒன்று பிசகினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். அந்தப் பாலோ காலைக் காப்பியோடு ஊர் வயிற்றுக்குள் போயிருக்கும்.

2006-ம் ஆண்டுச் சட்டத்தில் பங்கு நான்கானது, பகுப்பாய்வு அறிக்கைக்கு 14 நாள் கெடு வந்தது. கிண்டி, தஞ்சை, மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை என்று அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பதைக் கண்டதும் புதுச்சேரியும் தமிழகமும் தடை போட்டன. பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் நூறு ஆண்டுகளாக நம் கண் பண்டத்தின் மேலேயே இருக்கிறது. பாத்திரத்தின் பக்கம் அரிதாகத்தான் திரும்புகிறது.

சட்டம் பாத்திரத்தை மறந்துவிடவில்லை. துருப்பிடித்த பாத்திரம், எனாமல் பெயர்ந்த பாத்திரம், சரியாக வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளை ஆகியவற்றில் வைத்த உணவு உண்ணத் தகாதது என்று பழைய விதியே சொன்னது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு ஆகாது, ஜாடிதான் சரி என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு விதி வருமுன்பே தெரியும். அந்த ஜாடியை யார் சோதிப்பது?

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில் நின்றுதான் இதைக் கேட்க வேண்டும். பீங்கானின் பளபளப்பு மேற்பூச்சில் இருக்கிறது. பூச்சில் காரீயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகி மினுங்கும். சூளையில் சரியாக வேகாவிட்டால் அந்த ஈயம் பூச்சில் கட்டுப்பட்டு நிற்காது. ஊறுகாயின் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். நிறமும் ருசியும் காட்டிக்கொடுக்காது. பாதிப்பு முதலில் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத்தான். 1,200 டிகிரிக்கு மேல் வேகும் கெட்டி ஜாடிக்குக் காரீயமே தேவையில்லை. எனவே பாட்டி காலத்து ஜாடியைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். கவலையெல்லாம் குறைந்த சூட்டில் வெந்த, பளிச்சென்ற வண்ணம் தீட்டிய மலிவுச் சரக்கைப் பற்றித்தான். அது எந்த ஊர்ச் சரக்கானாலும் சரி.

இங்கிலாந்தில் 1899-லேயே தார்ப், ஆலிவர் என்ற இருவர் இந்த ஈயத்தைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். அன்றைய கவலை பீங்கான் தொழிலாளர் உடம்பைப் பற்றியது. சாப்பிடுகிறவரின் முறை பிறகுதான் வந்தது. இன்றுள்ள சோதனை எளியது. பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் விட்டு, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் கருவியில் அளப்பார்கள். வீட்டு வினிகரின் புளிப்புதான் அது. இதற்கென ஐ.எஸ். 9806 என்ற இந்தியத் தரமும் உண்டு.

விருத்தாசலத்தில் சூளைகள் இருக்கின்றன, பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அந்தப் பயிலகத்தோடு கைகோத்து, ஒவ்வொரு சூளை ஈட்டிலும் இரண்டு ஜாடி எடுத்துச் சோதித்து முத்திரை குத்தலாம். பெரிய ஆலைகளின் மலிவு விலையோடு மல்லுக்கட்டும் சிறு பட்டறைக்கு அந்த முத்திரையே விளம்பரமாகும். அப்படி வருகிற ஜாடிக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க, வருஷா வருஷம் வடுமாங்காய் போடுகிற வீடுகள் யோசிக்காது.