கம்பளிக்குள் நுழைவது எப்படி?



மேல்நாடு சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும், உதவித் தொகை கிடைக்குமா என்றெல்லாம் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அங்கே போய் இரவில் எப்படித் தூங்குவது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சிரிக்காதீர்கள்! உலகம் போற்றும் கணித மேதை ஒருவருக்கே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருந்தது.

1914-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று சீனிவாச ராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து, கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஹார்டியுடன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அப்போது அருகிலிருந்த கிங்ஸ் கல்லூரியில் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்துக் கொண்டிருந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே.

ஒரு நாள் ராமானுஜனைக் காணச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். மேல்கோட்டை அணிந்து, சால்வையும் போர்த்திக் கொண்டு படுத்தும் குளிருகிறது என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அந்நாட்டு வழக்கப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே ஒரு மெல்லிய விரிப்பைப் போட்டிருந்தார்கள். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவற்றின் மேலே, அந்த மெல்லிய விரிப்புக்குள் படுத்து வந்தார்!

இதில் இயற்பியல் பாடம் ஒன்றும் இருக்கிறது. கம்பளி வெப்பத்தைக் கொடுப்பதில்லை. ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் பல்பைப் போல வெப்பத்தை வெளிவிட்டுக் கொண்டே இருக்கிறது. கம்பளியின் இழைகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உடலின் வெப்பம் வெளியேறாமல் தங்குகிறது. ஒரு பனிக்கட்டித் துண்டைக் கம்பளித் துணியில் சுற்றியும், அதே அளவுள்ள இன்னொன்றைத் திறந்த தட்டிலும் வைத்துப் பாருங்கள். எது முதலில் கரைகிறது?

ராமானுஜனுக்கு இந்த அறிவியல் புரியாது என்று யாராவது சொல்வார்களா? அவர் அறியாதது அந்த ஊரின் வழக்கத்தைத்தான். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

உணவிலும் இப்படியே நடந்தது. மரக்கறி உணவைக் கைவிடாத அவர் தம் அறையில் தாமே சமைத்துக் கொண்டார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் காய்கறிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கல்லூரியின் பொது உணவுக் கூடத்தில் மற்றவர்களோடு அமர்ந்து பேசும் வாய்ப்பும் அவருக்கு இல்லாமற் போயிற்று. 1917-இல் நோய்வாய்ப்பட்டார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். நோய்க்குத் தனிமைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தனிமை நோயாளிக்கு மருந்தாகாது என்பது உறுதி.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று, தம் 19-ஆம் வயதில், பம்பாயிலிருந்து கப்பலேறினார். விண்மீன்களைப் பற்றிய அவருடைய புகழ் பெற்ற கணக்கு அந்தப் பயணத்திலேயே உருவாயிற்று. அடுத்த ஆண்டே ஊரில் அவருடைய தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். பின்னர் அறிஞர் டிராக்கின் ஆலோசனைப்படி கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் ஓராண்டு தங்கினார். பல நாட்டு இளம் இயற்பியலாளர்களின் தோழமை அங்கே கிடைத்தது. 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

“இதெல்லாம் பழங்கதை. இப்போது கைபேசியில் அம்மாவின் முகத்தையே பார்க்கலாமே!” என்பீர்கள். உண்மைதான். ஆனால் இதையும் கேளுங்கள்.

கோச்சடையில் எங்கள் தெருவில் வளர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி சென்றார். விடுமுறையில் வந்தபோது, வைகைக் கரையோரம் நடந்தபடி தம் கதையைச் சொன்னார். அறையிலிருந்த வெந்நீர்ச் சூடேற்றியின் திருகை எப்படித் திருப்புவது என்று தெரியாமல், முதல் குளிர்காலத்தில் மூன்று வாரம் இரண்டு ஸ்வெட்டர்களோடு தூங்கினாராம். ஆய்வுக் கூடத்திலும் வெற்றிடப் பம்பின் வால்வு ஒன்றை எப்போது மூட வேண்டும் என்பது பிடிபடவில்லை. அதையும் கேட்கவில்லை. இரண்டு மாத அளவீடுகள் வீணாயின. ஊருக்கே திரும்பி விடலாம் என்று எண்ணியபோது, பக்கத்து மேசை மாணவி “என்ன ஆயிற்று?” என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று.

“முதலிலேயே கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“இது கூடத் தெரியாதா என்று சிரிப்பார்களோ என்று பயந்தேன், சார்” என்றார்.

என் நெஞ்சில் சுருக்கென்றது. “இது கூடத் தெரியாதா?” என்பது வகுப்பறையில் நான் அடிக்கடி சொல்லி வந்த வார்த்தை! அந்த வார்த்தையையும் அவர் ஜெர்மனிக்குச் சுமந்து சென்றிருக்கிறார். அன்று முதல் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். மற்ற ஆசிரியர்களும் விட வேண்டும் என்பது என் கருத்து.

ஆராய்ச்சி என்பதே தெரியாததைக் கேட்பதுதான். கம்பளியைப் பற்றிக் கேட்கக் கூசுபவர் வால்வைப் பற்றியும் கேட்கக் கூசுவார். ஆகவே மேல்நாடு போக விரும்புவோர் இன்றே பழக வேண்டியவை சில உண்டு. சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், செலவுக் கணக்கு எழுதவும் ஆண், பெண் இருபாலரும் கற்றுக் கொள்ளுங்கள். “படிக்கிற பிள்ளைக்கு வேலை எதற்கு?” என்று பெற்றோர் தடுத்தால், இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். வகுப்பில் புரியாததை அன்றைக்கே எழுந்து கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கிராமத்திலிருந்து முதன் முதலாக மதுரைக்கு வந்து விடுதியில் சேரும் மாணவனுக்கு இந்த நகரமே ஓர் அயல்நாடுதான். அப்படி ஒருவன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். இரவில் நன்றாகத் தூங்கினானா, சாப்பாடு பிடிக்கிறதா என்று நாளைக் காலையில் அவனிடம் கேட்டுப் பாருங்கள். மகலனோபிஸ் அன்று செய்தது அவ்வளவுதான்.