வேறுபாடு வேறு, காரணம் வேறு

குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. உடல் பருமனுக்கும் அவைதான் காரணம், மனச்சோர்வுக்கும் அவைதான் காரணம் என்று எழுதுகிறார்கள். மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் குடல் கோளாறும் இப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. (காவல்துறை அதிகாரிகளின் பெயருக்குப் பின்னால் வரும் ஐ.பி.எஸ். வேறு. ஆங்கிலத்தில் நடு எழுத்து மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன!) நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் அளவீடுகளை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பது எங்கள் துறைக்கும் உரிய கேள்வி. அந்த உரிமையில் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். வயிற்றில் அடிக்கடி வலி; அத்துடன் பேதி, அல்லது மலச்சிக்கல், அல்லது இரண்டும் மாறி மாறி. மாதக்கணக்கில் இது தொடரும். ஆனால் குழாயில் கேமராவைச் செலுத்திக் குடலைப் பார்த்தால் புண் இராது, கட்டி இராது. 33 நாடுகளில் நடத்தி 2021-ம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், இணையம் வழியாகக் கேட்கப்பட்ட பெரியவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இக்கோளாறு இருந்தது. வீடு வீடாகச் சென்று கேட்ட இடங்களில் அதைவிடக் குறைவு.

கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடுமா? தேர்வு நாளன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மாணவனை, "மட்டம் போட நடிக்கிறான்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. இப்படி ஏச்சு வாங்கியவர்களிடம், "உங்கள் குடலில் உள்ள பாக்டீரியாவே வேறு மாதிரி இருக்கிறது" என்று ஓர் ஆராய்ச்சியாளர் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் அதுவே அவசர முடிவுக்கும் இட்டுச் செல்கிறது.

கண்டறிந்தது என்ன? உலகில் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஓர் அறிக்கை வெளிவந்தது. நோயாளிகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியம், ஃபீக்கலிபாக்டீரியம் ஆகியவை குறைவாகவும், என்டிரோபாக்டீரியேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை மிகுதியாகவும் காணப்பட்டன. ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் மாறுபட்டன என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

இவை சராசரிகள் என்பதை நினைவில் வையுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர்களின் சராசரி உயரம் ஒன்பதாம் வகுப்பின் சராசரியைவிட அதிகம்தான். அதற்காக, தெருவில் போகும் ஒரு பையனின் உயரத்தை மட்டும் அளந்து, அவன் எந்த வகுப்பு என்று கூற முடியுமா? ஒருவரது மலத்தைச் சோதித்து, பாக்டீரியாக் கணக்கைக் கொண்டு அவருக்கு ஐ.பி.எஸ். உண்டா என்று சொல்வதும் அத்தகையதே.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எது காரணம், எது விளைவு? வாய்க்காலில் ஓடும் நீரில் உள்ள பாசி வேறு. குளத்தில் தேங்கிய நீரில் உள்ள பாசி வேறு. வாய்க்கால் பாசிதான் நீரை ஓட வைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. குடலும் அப்படித்தான். மலம் எவ்வளவு இளகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் உள்ள பாக்டீரியா இனங்களின் எண்ணிக்கை குறைவதை பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினர். ஆகவே பேதியால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியா மாறியதால் பேதியா?

உணவும் குறுக்கே வருகிறது. வயிற்று வலிக்காரர்கள் பாலை நிறுத்துவார்கள், வெங்காயத்தை ஒதுக்குவார்கள். பாக்டீரியாவின் உணவும் அதோடு மாறிவிடும். லண்டன் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு சோதனை வேடிக்கையானது. குடலில் எளிதில் நொதிக்கும் மாவுச்சத்துக்களையும் சர்க்கரைகளையும் குறைத்து நோயாளிகளுக்கு உணவு கொடுத்தார்கள். பலருக்குத் தொல்லை தணிந்தது. ஆனால் பிஃபிடோபாக்டீரியம் குறைந்துவிட்டது! இதன் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்றால், மேலும் குறைந்தபோது நோய் ஏன் தணிய வேண்டும்?

அப்படியானால் பாக்டீரியாவுக்குப் பங்கே இல்லை என்கிறேனா? இல்லை. கனடா நாட்டில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். 2000-ம் ஆண்டு மே மாதம் பெருமழையில் சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் கலந்தது. சுமார் 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும், அப்போது பாதிக்கப்பட்டவர்களில் 15.4 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. பாதிக்கப்படாதவர்களில் 5.4 சதவீதம்தான். இங்கே கிருமி முதலில் வந்தது, கோளாறு பின்னால் வந்தது. கால வரிசை தெளிவாக இருப்பதால் இச்சான்றை நான் மிகவும் மதிக்கிறேன்.

காரணத்தை உறுதி செய்ய நேரான வழி, மாற்றிப் பார்ப்பதுதான். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், இரைப்பை நோய்க்குக் காரணம் என்று தாம் ஐயுற்ற ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1984-ல் தாமே குடித்தார். சில நாட்களில் அவரது இரைப்பையில் அழற்சி கண்டது. (நீங்கள் பின்பற்ற வேண்டாம்!) 2005-ல் ராபின் வாரனுடன் நோபல் பரிசு பெற்றார்.

ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கும் மாற்றிப் பார்த்தார்கள். நலமாக உள்ளவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து நோயாளியின் குடலில் சேர்ப்பது முறை. முகம் சுளிக்காதீர்கள், இது முறையான மருத்துவச் சோதனை. நார்வேயில் 165 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட சோதனையில், மிகுந்த அளவு பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் தேறினர். பேருக்குக் கொடுக்கப்பட்டவர்களில் 24 சதவீதம் பேரே தேறினர். முடிவு தெரிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் டென்மார்க்கில் 52 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட சோதனையில், பாக்டீரியா நன்றாகவே மாறியது. எனினும் வெற்று மாத்திரை விழுங்கியவர்களே அதிக நலம் கண்டனர்! கொடுத்தவர் யார், கொடுத்த வழி எது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறதோ என்னவோ. இரண்டு ஆய்வுக்கூடங்களில் ஒரு மாறிலிக்கு இப்படி இரு மதிப்புகள் கிடைத்தால், எங்கள் துறையில் புத்தகத்தில் அச்சிடமாட்டோம். சோதனையைத் திரும்பச் செய்வோம்.

ஆனால் கடைக்காரர்கள் காத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி மலத்தைச் சோதித்து, வண்ணப் படங்களுடன் அறிக்கை தருகிறார்கள். "நல்ல பாக்டீரியா" மாத்திரையும் விற்கிறார்கள். அம்மாத்திரைகளை ஐ.பி.எஸ்.ஸுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று 2021-ல் அமெரிக்கக் குடல் மருத்துவர் கழகம் சொன்னது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கழகம், வேண்டுமானால் 12 வாரம் பாருங்கள், பயனில்லையேல் நிறுத்திவிடுங்கள் என்றது. அறிஞர்களே இந்த நிலையில் இருக்கும்போது வண்ண அறிக்கைக்குப் பணம் கொடுப்பதை நான் ஒப்பவில்லை. வலியோடு மலத்தில் இரத்தம், எடை குறைதல், காய்ச்சல் இருந்தால் அது வேறு நோயாகலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. போபாலிலும் கேரளத்திலும் நலமாக உள்ள 110 பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். போபாலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருந்தது. கேரளத்தில் வேறு வகைகள். ஒரே நாட்டில் நலமானவர்களுக்கிடையிலேயே இப்படி என்றால், ஐரோப்பியக் குடலை வைத்து எழுதிய அட்டவணையை நம்மவர் குடலுக்கு எப்படிப் பொருத்துவது? நம் ஊர்களிலும் குடிநீர் கெட்டுப் பேதி பரவுவது உண்டு. அப்போது மருத்துவமனைக்கு வருபவர்களிடமும், அதே தெருவில் நோய் வராதவர்களிடமும் மாதிரி எடுத்து வைத்து, வாக்கர்டனில் செய்ததுபோல் எட்டு ஆண்டு தொடர்ந்து பார்க்கலாம். பெரிய கருவிக்கு முன்னால் இதற்கு வேண்டியது ஒரு குளிர்பதனப் பெட்டியும், முகவரிகளை ஒழுங்காகக் குறித்து வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.