15-வது பிரிவு யாருக்காக?

திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழா வந்தால் கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் சுறுசுறுப்பாகிவிடுகிறது. சிறப்புப் பேருந்துகள், மருத்துவ முகாம், போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் உண்டு. அழகிப் போட்டி மேடைக்கு அமைச்சர்களும் வருகிறார்கள், வரட்டும். ஆனால் திருநர் நலன் என்றால் அந்தக் கூட்டம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, பெண்ணாகப் பிறந்து ஊருக்குள் ஓசையில்லாமல் ஆணாக வாழும் திருநம்பிகளை மறந்துவிடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பாலின மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, செலவுக்குக் காப்பீடு ஆகிய அனைத்தும் அரசின் பொறுப்பு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவதாக 2022 ஆகஸ்டில் தில்லியில் ஒப்பந்தமும் போட்டார்கள். அந்தக் கையெழுத்தின் பலன் நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு எப்போது ஏறும்?

மார்பை மறைக்கத் திருநம்பிகள் பைண்டர் என்ற இறுக்கு உடை போடுகிறார்கள். அது வாங்க வழியில்லாதவர் துணியை வரிந்து கட்டிக்கொள்கிறார். அந்தக் கட்டோடு வெயிலில் மரவள்ளிக் காட்டில் குனிந்து வேலை செய்தால் மூச்சு முட்டும். விலா எலும்பு வலிக்கும். வியர்வை தங்கித் தோல் புண்ணாகும். கட்டை அவிழ்த்துவிட்டு வெளியே வரவும் முடியாது. இதற்குத் தீர்வான மார்பு அறுவையை 'அழகுக்குச் செய்வது' என்று சொல்பவர் ஒருநாள் அந்தத் துணியைக் கட்டிப் பார்க்கட்டும்.

ஒரு பையனுக்கு மார்பு பெருத்தால் அரசு மருத்துவமனையிலேயே அறுத்துச் சரிசெய்கிறார்கள். அவனை யாரும் மனநல மருத்துவரிடம் சான்று வாங்கி வரச் சொல்வதில்லை. திருநம்பி கேட்டால் மட்டும் சான்று, சந்தேகம், அலைச்சல்!

'பிறகு வருந்துவார்கள்' என்பது இன்னொரு சாக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பு அறுவை முடிந்து இரண்டாண்டுக்கு மேலான 139 பேர் பதில் தந்தார்கள். மனநிறைவின் இடைநிலை மதிப்பு ஐந்துக்கு ஐந்து; வருத்தத்தின் இடைநிலை மதிப்பு நூற்றுக்குச் சுழியம். தழும்பு நிற்கும், காம்பில் உணர்ச்சி குறையும், சிலருக்கு மறு அறுவையும் வேண்டியிருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். அதனால்தான் பின்கவனிப்பைக் கேட்கிறோம். அறுவைக்குப் பின் நீர் வடியும் குழாயைச் சில நாள் சுமக்க வேண்டும். வாரக்கணக்கில் இறுக்கு உடை அணிய வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. சென்னையிலோ மதுரையிலோ அறுவை செய்துகொண்ட கூலித் தொழிலாளி, கட்டுப் பிரிக்க அத்தனை தூரம் மறுபடி பஸ் ஏற வேண்டுமா?

அறுவை வேண்டாம் என்பவரையும் சட்டம் விடவில்லை. அறுவையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று திருநர் உரிமை குறித்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. ஆனால் ஐந்தே ஆண்டில் வந்த சட்டத்தின் 7-வது பிரிவு, ஆண் என்றோ பெண் என்றோ சான்றிதழ் பெற, அறுவை செய்துகொண்டதற்கு மருத்துவக் கண்காணிப்பாளரின் கடிதம் கேட்கிறது. அறுவை வேண்டும் என்பவருக்கு வசதி இல்லை, வேண்டாம் என்பவருக்கு ஆண் என்ற சான்றிதழ் இல்லை. என்ன நியாயம் இது?

சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திருநம்பிகளுக்கெனத் தனி நாள் ஒதுக்கி வெளிநோயாளர் பிரிவு நடத்த வேண்டும். அறுவை வெளியூரில் நடந்தாலும் குழாய் எடுப்பதும் தையல் பிரிப்பதும் இங்கேயே நடக்க வேண்டும். மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு இதில் பயிற்சி தேவை. ஆள் யார் என்பது ஊருக்குத் தெரியாமல் காக்கவும் சேர்த்துத்தான். மாவட்டத்தில் எத்தனை திருநம்பிகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் காப்பீடு கிடைத்தது, எத்தனை மனுக்கள் எந்தக் காரணத்தால் திருப்பப்பட்டன என்ற விவரத்தை, பெயர் எதுவும் இல்லாமல், ஒரு மாதத்துக்குள் ஆட்சியர் வெளியிட வேண்டும்.