இணையத்தில் தேடப்படும் நன்னடத்தை

தொழிலுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழையும் பாடசாலை அதிபரின் கடிதத்தையும் சுமந்து செல்லும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும், அக்கடிதங்கள் மேசைக்கு வருமுன்னரே விண்ணப்பதாரியின் பெயரை இணையத்தில் தேடிப்பார்க்கும் வழக்கம் தொழில் தருநர்களிடையே வேரூன்றிவிட்டது. நற்சான்றிதழை நாம் கேட்டுப் பெறுகிறோம். இணையம் வழங்கும் சான்றிதழோ நாம் கேளாமலே எழுதப்படுகிறது.

இதன் பாரதூரத்தை உணர்த்தும் சம்பவங்கள் பல. முகநூல் குழுவொன்றில் அருவருக்கத்தக்க படங்களைப் பகிர்ந்த குறைந்தது 10 மாணவர்களுக்கு வழங்கிய அனுமதியை 2017 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் இரத்துச் செய்தது. 2020 இல் ஐக்கிய அரபு இராச்சியத்தில் இஸ்லாத்தை நிந்தித்துப் பதிவிட்ட இந்தியத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். வளைகுடா நாடுகளை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்ட நமது நாட்டுக்கும் இது ஓர் எச்சரிக்கையாகும்.

எனினும், இலங்கையின் சிறுபான்மை மக்களுக்கு இதில் மற்றுமொரு ஆபத்தும் உண்டு. 2019 மே மாதத்தில் சிலாபத்தைச் சேர்ந்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர், அதிகம் சிரிப்பவர் ஒருநாள் அழ நேரும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இட்ட குறிப்பு அச்சுறுத்தலாகத் திரிக்கப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டார், வன்முறையும் வெடித்தது. 2020 ஏப்ரலில் முகநூல் பதிவொன்றுக்காகக் கைதான முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரிலேயே. தீர்ப்பு வருமுன்னர் அவரது பெயரைத் தேடிய ஒருவருக்குக் கைதுச் செய்தி மாத்திரமே கிடைத்திருக்கும். குற்றச்சாட்டு பரவும் வேகத்தில் விடுதலை பரவுவதில்லை.

ஆகவே, நமது இளைஞர் யுவதிகள் சில விடயங்களில் விழிப்பாயிருத்தல் அவசியம். தமது பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே தேடிப்பார்க்க வேண்டும். மொஹமட் என்ற பெயரும் ஒரேவிதமான முதலெழுத்துகளும் பலருக்குப் பொதுவானவை. பிறரது பழி தம்மீது விழாதிருக்க, விண்ணப்பத்திலும் இணையத்திலும் முழுப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் பயன்படுத்துவது நன்று. கோபத்தில் எழுதியவற்றையும் பிறரை இழிவுபடுத்தும் பகிர்வுகளையும் நீக்கிவிடலாம். ஆனால், வேறொருவர் பிரதியெடுத்து வைத்திருப்பின் அழித்தது அழிந்ததாகாது. தமது கல்வி, பயிற்சி, தொண்டுப் பணிகள் குறித்த நம்பகமான விபரங்களை லிங்க்ட்இன் போன்ற தளங்களில் இடுவதே சிறந்த பரிகாரம்.

இதற்காக வாய்மூடி இருங்கள் என்று நாம் கூறவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட உறவினருக்காகவோ பறிபோன காணிக்காகவோ நியாயமாகக் குரல் கொடுத்த ஒருவர், அதன் பொருட்டுத் தொழிலை இழப்பாராயின் அது அவரது தவறன்று. விண்ணப்பதாரியின் இனத்தையும் மதத்தையும் அரசியலையும் துருவி ஆராய்வதற்கு இணையத் தேடல் திரைமறைவு வழியாகிவிடக் கூடாது. தமிழறியாத ஓர் அதிகாரி இயந்திர மொழிபெயர்ப்பை நம்பித் தீர்ப்பெழுதுவதும் நீதியாகாது. சந்தேகம் எழுந்தால், நேர்முகப் பரீட்சையில் விண்ணப்பதாரியிடமே விளக்கம் கேட்பதுதான் முறை.

அரசாங்கத்துக்கும் இதில் பொறுப்புண்டு. தன்னைப் பற்றிய தரவுகளைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பிரிவுகள் பிற்போடப்பட்டன. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றுவதில் காட்டப்பட்ட அவசரம் இதில் காட்டப்படவில்லை. பேசுபவரைத் தண்டிக்கும் சட்டத்துக்கு முன்னுரிமையும் பழிசுமப்பவரைக் காக்கும் சட்டத்துக்குத் தாமதமும் என்ற நிலை மாற வேண்டும்.

பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு வரி, முப்பது வயதில் ஒருவரது குடும்பத்தின் சோற்றைப் பறிக்குமாயின் அது சமூகத்துக்கே இழப்பாகும். எழுதுபவரிடம் நிதானத்தையும், அதைப் படித்துத் தீர்மானிப்பவரிடம் நியாயத்தையும் நாம் ஒருசேர வேண்டி நிற்கிறோம்.