கவ்சுவே: ஃபாரின் ஐட்டமா, நம்ம பங்காளியா?

எங்க ஊர் தூத்துக்குடியில் இடியாப்பம், தேங்காய்ப்பால், கோழிக்குழம்பு காம்போவை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. இடியாப்பத்துக்குப் பதில் நூடுல்ஸ் போட்டு 'கவ்சுவே' என்று மெனு கார்டில் வந்தால் மட்டும் 'ஃபாரின் ஐட்டம்'. விலையும் அப்படித்தான்!

அது பர்மியர்களின் 'ஓன் நோ கவ்சுவே'. 'ஓன் நோ' என்றால் தேங்காய்ப்பால், 'கவ்சுவே' என்றால் நூடுல்ஸ். கோழியைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, கெட்டியாக வர நம்ம கடலை மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். மேலே பொரித்த வெங்காயம், அவித்த முட்டை, கொஞ்சம் எலுமிச்சை.

இந்த ருசி தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது? 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாக, லட்சக்கணக்கான இந்தியர்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அப்படி வந்த தமிழர்களுக்காக சென்னையில் 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ, இந்த கவ்சுவேயின் பங்காளி.

என் கோபம் இதுதான். வண்டிக்கடையில் நின்று 'ஹைஜீனிக்கா?' என்று கேட்கிற நாம், ஏசி ரெஸ்டாரன்டில் வாய் திறக்காமல் ஜிபே பண்றோம். அந்த மெனுவில் 'பான் ஏசியன்' என்பதற்குக் கீழே 'பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது' என்று ஒரு வரி போடலாமே? இங்க் செலவு ரொம்ப ஆகாது.