வாசித்தது போதும், கையில் கொடுங்கள்

காவிரி டெல்டா கிராமம் ஒன்றின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்கள், ஆண்டுப் பேரவைக்கும் கூட்டுறவுத் துறைக்கும் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

போன பேரவைக் கூட்டம் அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. அதிலும் பாதி, மைக் செட்டைச் சரிபண்ணுவதில் போயிற்று. உரக் கிடங்குக்கு முன்னால் சாமியானா, வாடகை நாற்காலிகள், ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம், டீ. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பொட்டலம். பிறகு ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை, பங்கு மூலதனம், வைப்புகள், பயிர்க்கடன், நகைக்கடன், உர விற்பனை, தவணை தவறிய பாக்கி என்று லட்சமும் ஆயிரமுமாக மூச்சுவிடாமல் வந்து போயின. ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வரியும் அதே மூச்சில் வந்தது. யாரும் கை தூக்கவில்லை. தூக்கச் சொல்லவும் இல்லை. கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “நம்ம சங்கத்துக்கு லாபமா நட்டமா, என்னன்னு சொன்னாங்க தம்பி?” என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தது இதை எழுதுகிற நான்தான். எனக்கும் தெரியவில்லை.

சங்கத்தால் பயனில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். சொன்னால் நாக்கு அழுகிவிடும். பயிர்க்கடனைத் தேதி தவறாமல் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. 7 சதவீத வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஊரில் வேறு யார் அப்படிப் பணம் தருவார்கள்? தண்டல்காரனிடமும் மீட்டர் வட்டிக்காரனிடமும் போய் நின்றவர்களுக்குத்தான் இந்தச் சங்கத்தின் அருமை தெரியும். 2021 பிப்ரவரியில் ரூ.12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது மாநிலம் முழுக்க 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் பேர் அந்தப் பட்டியலில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களும் அதில் உண்டு. இவ்வளவு செய்த சங்கத்தில், அதன் சொந்தக்காரர்களான நாங்கள் ஏன் விருந்தாளிபோல மிக்சர் தின்றுவிட்டு எழுந்து வருகிறோம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

கூட்டுறவு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சென்னை மாகாண அரசு பணித்ததன்பேரில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் கட்டியெழுப்பிய சங்கங்கள்தான் அவர் கண்ட வழி. ஒருவரையொருவர் அறிந்த அண்டை அயலார் சேர்ந்து, தங்கள் பணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வது அதன் அடிப்படை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவானது. நூற்றிருபது ஆண்டு தாண்டியும் ‘தாங்களே பார்த்துக்கொள்வது’ என்ற பகுதி மட்டும் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை.

ஆகவே முதல் கோரிக்கை: ஆண்டறிக்கையை அச்சடித்து, பேரவைக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் கொடுக்க வேண்டும். செலவு அதிகம் என்றால் மிக்சரை நிறுத்திவிடுங்கள், எங்களுக்குச் சம்மதம். ரேஷன் கடைச் சுவரில் ஒரு பிரதி ஒட்டப்பட வேண்டும்.

அந்த அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்பது மட்டும் வளர்ச்சிக்குக் கணக்கு ஆகாது. பவுன் விலை ஏறினால் நகைக்கடன் தொகை தானாக ஏறும். அதைச் சங்கத்தின் சாதனையாக எழுதுவது, ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு மதகுக்காரர் மாலை போட்டுக்கொள்வது மாதிரி. எங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு. பயிர்க்கடன் கேட்டு எத்தனை பேர் மனுக் கொடுத்தார்கள்? எத்தனை பேருக்குக் கிடைத்தது? மனுக் கொடுத்த நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள்? திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் சொல்லி? குறுவைக்கும் சம்பாவுக்கும் உரம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மூட்டை? எத்தனை நகை ஏலத்துக்குப் போயிற்று? சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சமூகத்தார் ஒவ்வொருவருக்கும் கடனில் எவ்வளவு பங்கு? இந்த வரிகள் இல்லாத அறிக்கையை இனிமேல் ஏகமனதாக நிறைவேற்ற நாங்கள் தயாரில்லை.

தணிக்கைக் குறிப்பும் கூடவே வர வேண்டும். தணிக்கையாளர் என்ன குறை எழுதினார், அதற்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்பது இதுவரை பீரோவுக்குள் இருக்கும் சங்கதி. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆம் பிரிவு விசாரணை உண்டு. சங்கத்துக்கு நட்டம் உண்டாக்கியவரிடமிருந்து பணத்தை வசூலிக்க 87-ஆம் பிரிவு உண்டு. எந்தச் சங்கத்தில் எந்த விசாரணை நடக்கிறது என்பதை உறுப்பினர் டீக்கடையில் கேள்விப்படுகிறார். விசாரணை தொடங்கினால் தொடங்கியது என்றும், முடிந்தால் என்ன முடிவென்றும் பேரவையில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தேர்தல். 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தது. அதன்பின் செயலாட்சியர் ஆட்சி. ஒரே அதிகாரி பல சங்கங்களுக்குப் பொறுப்பு. அவர் எங்கள் சங்கத்துக்கு வருகிற நாளைச் செயலாளரே சரியாகச் சொல்ல முடிவதில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் தன்னாட்சியோடும் உறுப்பினர்களின் ஜனநாயகக் கட்டுப்பாட்டிலும் நடக்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 43-ஆ பிரிவு சொல்கிறது. கிராமக் கூட்டுறவுக் கடன் அமைப்பைத் தூக்கி நிறுத்த வழி சொன்ன பேராசிரியர் அ.வைத்தியநாதன் குழு, 2005-இல் கொடுத்த அறிக்கையில், பணம் கொடுத்தால் மட்டும் போதாது, அரசின் தலையீடும் குறைய வேண்டும் என்றது. எங்களுக்குத் தேர்தல் தேதி வேண்டும். பழைய மாதிரி தேர்தலும் வேண்டாம். போட்டியே இல்லாமல், வேட்புமனு எப்போது வாங்கினார்கள் என்றே தெரியாமல், காலையில் எழுந்து பார்த்தால் தலைவர் இருக்கிற கதை போதும்.

தேர்தலுக்கு முன் உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் பண்ண வேண்டும். எங்கள் பட்டியலில் செத்துப்போனவர்கள் பேர் அப்படியே கிடக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: செத்தவர் பேரில் பங்குத்தொகை இருக்கிறது, அதை வாரிசு கேட்டால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மனு, தீர்மானம் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். கடன் கொடுக்கும்போது ஒரு பகுதியைப் பங்குத்தொகையாகப் பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதுமாக இருந்ததே. வாரிசு மனுவை முப்பது நாளில் முடிக்க வேண்டும். பங்கு ஈவு உண்டா, இல்லையா, இல்லையென்றால் லாபம் எங்கே போயிற்று என்பதும் அறிக்கையில் வரட்டும்.

பயிர்க்கடனில் எங்கள் பெரிய கஷ்டம் தவணைத் தேதி. வட்டியில்லாக் கடன் என்ற சலுகை, தேதி ஒரு நாள் தவறினாலும் போய்விடும். மேலே அபராத வட்டி. ஆனால் நெல்லை விற்றுப் பணமாக்குவது எங்கள் கையில் இல்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறோம். சாக்கு இல்லை என்பார்கள். லாரி வரவில்லை என்பார்கள். மழை நனைத்தால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்பார்கள். அதெல்லாம் முடிந்து பணம் கணக்கில் ஏறும்போது தவணைத் தேதி போயிருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் அந்தத் தேதிக்காக மனைவியின் சங்கிலியைத் தனியார் அடகுக் கடையில் வைத்துச் சங்கக் கடனைக் கட்டினார். வட்டியில்லாக் கடனைக் காப்பாற்ற வட்டிக்கு வாங்கினார். அரசு நிறுவனம் நெல்லை எடுக்கத் தாமதிக்கிறது, அரசு உதவி பெறும் சங்கம் தாமதத்துக்கு அபராதம் போடுகிறது. நடுவில் நிற்பவன் விவசாயி. நெல்லைக் குவித்த தேதிக்குக் கொள்முதல் நிலையம் ரசீது தர வேண்டும். அன்றிலிருந்து பணம் வந்த நாள் வரை ஆன தாமதத்தைத் தவணைத் தேதியோடு கூட்டிக் கொடுக்க வேண்டும். இது சங்கம் மட்டும் முடிவெடுக்கிற காரியம் இல்லையென்று தெரியும். அதனால்தான் துறைக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் குடியேறியவர்கள் நிலம் என்று உழுபவன் ஒருவன், சிட்டாவில் பேர் ஒருவருக்கு. பத்திரமும் சிட்டாவும் அடங்கலும் கேட்டால் அவன் எங்கே போவான்? நிலத்துக்காரர் சென்னையில் இருந்துகொண்டு பயிர்க்கடன் வாங்கியிருப்பார். சேற்றில் நிற்பவனுக்குக் கடனும் இல்லை, தள்ளுபடி வந்தால் அதுவும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தப் பதிவேட்டு நகல், கோயில் குத்தகை ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கடன் தர வேண்டும். கூட்டுப் பொறுப்புக் குழு மூலம் தரலாம் என்ற வழி காகிதத்தில் இருக்கிறது. எங்கள் சங்கம் இந்த ஆண்டு எத்தனை குழுவுக்குக் கொடுத்தது என்று அறிக்கையில் எழுதினால் போதும், மீதி தானாக நடக்கும். பயிர்க்கடனுக்குச் சிபில் மதிப்பெண் பார்க்கிற பேச்சு 2025-இல் கிளம்பியபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தப் பேச்சு மறுபடி எந்தச் சுற்றறிக்கை வழியாகவும் வரக்கூடாது.

நகைக்கடன் கவுன்ட்டரில் ஒரு நாள் நின்று பாருங்கள். ஓர் அம்மா மடியிலிருந்து அவிழ்த்த தோடு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கீறல் போடுகிறார், தராசில் வைக்கிறார், கல்லுக்கு இவ்வளவு கழிவு என்று தாளில் எதையோ எழுதுகிறார். அந்தத் தாள் அந்தம்மாவுக்குத் திருப்பிக் காட்டப்படுவதில்லை. மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை, கிராமுக்கு எவ்வளவு, மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று ஐந்து வரி தமிழில் அச்சடித்த சீட்டு, தோட்டைப் பையில் வைத்து அரக்கு முத்திரை போடுவதற்கு முன்னால் அவர் கையில் இருக்க வேண்டும். ஏல அறிவிப்பு பதிவுத்தபாலில் போனால் மட்டும் போதாது. படிக்கத் தெரியாதவர் வீட்டுக்குச் சங்க ஊழியர் ஒருவர் போய்ச் சொல்லட்டும். ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி 2021-இல் அறிவிக்கப்பட்டபோது யார் தகுதி, யார் தகுதியில்லை என்ற பட்டியலுக்காக இதே கவுன்ட்டரில் ஜனங்கள் வாரக்கணக்கில் நின்றார்கள். தள்ளுபடி எப்போது வந்தாலும், காரணத்தோடு கூடிய பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். வங்கியில் போடும் பணத்துக்கு 2020 முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கும் அது உண்டு. எங்கள் சங்கம் போன்ற தொடக்கச் சங்கங்களில் போடும் வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது. முன்பு இதே பலகையில் ‘கூட்டுறவு வங்கி’ என்று எழுதியிருந்தது. ‘கடன் சங்கம்’ என்று மாற்றி எழுதியும், ஊர்க்காரர்கள் இன்னும் பேங்க் என்றுதான் சொல்கிறார்கள், பேங்க் என்று நம்பித்தான் மகள் கல்யாணப் பணத்தைப் போடுகிறார்கள். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வரவில்லை. வைப்பு வாங்கும்போது இந்த உண்மையைச் சொல்லி வாங்குங்கள். மாநில அளவில் வைப்புப் பாதுகாப்பு நிதி ஒன்றை அரசு ஏற்படுத்தட்டும். தள்ளுபடி செய்த கடன் தொகையை அரசு தவணை தவணையாகத் தரும்போது சங்கத்தின் கையில் காசு வற்றிப்போகிறது. அந்தப் பாக்கி எவ்வளவு என்பதையும் அறிக்கையில் பார்க்க விரும்புகிறோம்.

உரம். 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50. அந்த விலைக்குக் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூடவே நாங்கள் கேட்காத ஒரு டப்பாவை, ஒரு பாட்டிலைத் தலையில் கட்டுவதை நிறுத்துங்கள். உரம் வாங்கக் கருவியில் கைரேகை வைக்கும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ரேகை விழுவதில்லை. நாற்றுப் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல். நாலு தரம் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, பேரனைக் கூட்டிவரப் போகிறார்கள். ஓ.டி.பி. வழியும் பதிவேட்டுக் கையெழுத்து வழியும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

செயலாளரையும் எழுத்தரையும் மட்டும் திட்டி எழுதினால் அநியாயம். கடன், உரம், ரேஷன் கடை, கணினிமயம், மேலே கேட்கிற புள்ளிவிவரம் எல்லாம் இரண்டு மூன்று பேர் தலையில். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். கூடுதல் பொறுப்பு என்று ஒருவரை மூன்று ஊருக்கு ஓடவிடாதீர்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் விற்பனையாளர் கைக்காசு போடுகிறார் என்பது எங்களுக்கும் தெரியும்.

இந்தச் சாசனத்தை வரும் பேரவையின் பொருள் நிரலில் தனிப் பொருளாகச் சேர்க்க வேண்டும். விவாதித்து, கை தூக்கச் சொல்லி எண்ணி, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிரதிகள் சரகத் துணைப்பதிவாளருக்கும் மண்டல இணைப்பதிவாளருக்கும் போகின்றன. முப்பது நாளில் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கும் உறுப்பினர்களில், படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தச் சாசனம் முழுவதும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்துக் காட்டப்பட்டது. அவர்கள் சொன்ன திருத்தங்களும் சேர்க்கப்பட்டன.